வீட்டு மின்சாரம் – வாசகர் கேள்வி பதில்: கொதிக்கிற தண்ணீருக்கு ஒரு ரெகுலேட்டர்

கேள்வி: அண்ணே, நான் வீட்டிலிருந்தே இடியாப்பம், கொழுக்கட்டை ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கிறேன். விறகுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, கேஸும் கட்டுப்படியாகவில்லை. அதனால் பட்டறையில் சொல்லி எவர்சில்வரில் ஒரு ஆவி பாய்லர் செய்துகொண்டேன். அடியில் 3 கிலோவாட் ஹீட்டர் எலிமெண்ட். தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, அதற்கப்புறம்தான் தொல்லை. ஆவி பீய்ச்சியடித்து மூடி ஆடுகிறது, அடுப்படிச் சுவரெல்லாம் ஈரம், தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது. கடையில் கேட்டேன், ஒரு தெர்மோஸ்டாட் கொடுத்தார்கள். அதை மாட்டியும் பிரயோசனம் இல்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், ‘ஆன்லைனில் ட்ரையாக் டிம்மர் வாங்கி நானே செய்துவிடுகிறேன்’ என்று நிற்கிறான். செய்ய விடலாமா?
– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: விடலாம் ஆச்சி. ஆனால் அவன் நினைக்கிற சாமானை வைத்து வேண்டாம். அதற்கு வருகிறேன். முதலில் தெர்மோஸ்டாட் ஏன் உதவவில்லை என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதே காரணத்துக்காகத் தெர்மோஸ்டாட் வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என் கடைக்கு வருகிறார்கள்.

தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு மட்டும்தான் தெரியும். ஆவி வெளியேற வழியுள்ள பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் ஏறாது. 1 கிலோவாட் கொடுத்தாலும் 100 டிகிரிதான், 3 கிலோவாட் கொடுத்தாலும் 100 டிகிரிதான். கூடுவது சூடு அல்ல, ஆவி. தெர்மோஸ்டாட்டை 95-ல் வைத்தால் கொதி நின்று இடியாப்பம் வேகாது. 105-ல் வைத்தால் அது அணையவே அணையாது. நடுவில் அதற்கு வேலையே இல்லை. உங்களுக்கு வேண்டியது விறகடுப்பில் கட்டையை வெளியே இழுத்து வைப்போமே, அந்த வேலையைச் செய்யும் சாமான். அதாவது எலிமெண்டுக்குப் போகும் வாட்டைக் குறைப்பது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,257 கிலோஜூல் வேண்டும். 3 கிலோவாட் எலிமெண்ட் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 4.8 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். உங்கள் சுவர் ஈரத்துக்குக் காரணம் இதுதான். 1 கிலோவாட்டுக்கு இறக்கினால் 1.6 லிட்டர். நாலைந்து தட்டு அடுக்குக்கு ஒரு கிலோவாட் சுற்றுவட்டாரம் போதும் என்பது என் அபிப்பிராயம். மாவு, தட்டு, மூடியின் பொருத்தம் பார்த்து நீங்களே ஒரு பிடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எலிமெண்டையே சின்னதாக மாற்றிவிடாதீர்கள். 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 3 கிலோவாட்டுக்கே அரை மணிக்கு மேல் ஆகும். 1 கிலோவாட் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். கொதிக்கும் வரை முழு வேகம், கொதித்த பிறகு மூன்றில் ஒரு பங்கு. ரெகுலேட்டர் எதற்கு என்றால் இதற்குத்தான்.

புது பாய்லர் செய்வதாக இருந்தால் எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். 1.5 கிலோவாட் எலிமெண்ட் இரண்டு போட்டால் இரண்டும் பேரலலில் 3 கிலோவாட், ஒன்று மட்டும் 1.5, இரண்டும் சீரீஸில் 750 வாட். ஒரு ரோட்டரி சுவிட்சில் மூன்று வேகம் கிடைத்துவிடும். பழைய ஹாட் பிளேட்டுகளில் இருந்த சுவிட்ச் இதுதான். கெட்டுப்போக அதில் ஒன்றுமே கிடையாது. உங்களிடம் இருப்பது ஒற்றை எலிமெண்ட், பாத்திரத்தில் மறுபடி ஓட்டை போட மனம் வராது. எனவே தம்பி சொல்கிற வழிக்கே வருவோம். இனி அவனிடம் பேசுகிறேன்.

தம்பி, ஆன்லைனில் ‘4000 வாட்’ என்று விற்கிற உள்ளங்கை அகல டிம்மர் போர்டுதானே பார்த்தாய்? அதில் கரண்டைத் திறந்து மூடுகிற சில்லு, அந்த ட்ரையாக்கைக் குறை சொல்ல முடியாது. பிடிஏ41 என்று அசல் சரக்காகவே இருந்தால் 40 ஆம்பியர் தாங்கும். அதன் முதுகில் ஒட்டியிருக்கிற அலுமினியத் துண்டுதான் பொய் சொல்கிறது. 3 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ட்ரையாக் கடத்தும்போது தன்மேல் ஒன்றேகால், ஒன்றரை வோல்ட் வைத்துக்கொள்ளும். பெருக்கிப் பார்: 15 முதல் 20 வாட் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் சூட்டை அந்தத் துண்டு எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

இன்னொன்று, அந்த டிம்மர் வேலை செய்கிற விதம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லி செகண்டுக்கு ஒரு அரைச்சுற்று. டிம்மர் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கொஞ்ச நேரம் காத்திருந்து, வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போது படாரென்று திறந்துவிடும். விளக்குக்கு இது சரி. 13 ஆம்பியரை வினாடிக்கு 100 முறை இப்படி வெட்டினால் பக்கத்து வீட்டு ரேடியோ வரைக்கும் கரகரக்கும். சோக், கெபாசிட்டர் போட்டு அடக்கலாம். 13 ஆம்பியர் சோக் சுற்றுவதற்குள் இந்த ஆசை உனக்கு விட்டுப்போகும். ஃபேன் ரெகுலேட்டரைப் பற்றிக் கேட்கவே கேட்காதே. ஒரு டயோடை சீரீஸில் போட்டால் பாதி பவர் வரும் என்று யாராவது சொல்லுவார்கள். வரும்தான். ஆனால் லைனில் டிசி கலக்கும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற சாதாரண ஆர்சிசிபி அந்த டிசியால் மந்தமாகிவிடும். உயிர் காக்கிற சாமானை மந்தமாக்கி மிச்சம் பிடிக்கிற டயோடு நமக்கு வேண்டாம்.

தண்ணீர் அவசரப்படாது. அதற்கு 10 மில்லி செகண்ட் கணக்கில் நறுக்கிக் கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. அரை வினாடி முழுசாகக் கொடு, ஒரு வினாடி நிறுத்து. சராசரி 1 கிலோவாட். பாத்திரத்துக்கு வித்தியாசமே தெரியாது. இதற்கு அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே, எஸ்எஸ்ஆர் என்பார்கள், அதுதான் சரி. ஜீரோ கிராஸிங் வகை பார்த்து வாங்கு. அலை பூஜ்யத்தைத் தாண்டும்போதுதான் திறக்கும், இரைச்சல் இருக்காது. மேலே ‘40 டிஏ’ என்று இருக்கும். டிசி உள்ளே, ஏசி வெளியே என்று அர்த்தம். 13 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் எதற்கு என்று கேட்பாய். சந்தையில் இருக்கிற பாதி எஸ்எஸ்ஆர் மேலே எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால், பில் கொடுக்கிற கடையில் நல்ல கம்பெனி சரக்காக வாங்கிவரச் சொல். இதில் நூறு இருநூறு பார்க்காதே.

அதைத் தட்டித் தட்டி நிறுத்த ஒரு 555 ஐசி, நேரம் எண்ணுகிற சில்லு, போதும். ஆர்டுயினோ வேண்டாம். உன் அம்மாவுக்கு வேண்டியது ஒரே ஒரு குமிழ். 470 கே பாட் (குமிழ் வைத்துத் திருகுகிற ரெசிஸ்டர்), 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பாட்டின் இரு முனையிலும் 1 கே ரெசிஸ்டர், எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு. கெபாசிட்டர் ஒரு பக்கம் வழியாகச் சார்ஜ் ஆகி மறுபக்கம் வழியாக இறங்கும். அதனால் குமிழை எங்கே திருப்பினாலும் மொத்தச் சுற்று ஏறக்குறைய ஒன்றரை வினாடியாகவே இருக்கும். அதில் ஆன் நேரம் மட்டும் கூடிக் குறையும். ஒன்றரை வினாடியில் 150 அரைச்சுற்று இருக்கிறது. இதைவிட நுணுக்கம் இடியாப்பத்துக்குத் தேவையில்லை. மூன்றாம் பின்னிலிருந்து எஸ்எஸ்ஆரின் ப்ளஸ்ஸுக்கு, கூடவே ஒரு எல்இடி. சப்ளைக்குப் பழைய ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துக்கொள். மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் 555-இன் அவுட்புட் மூன்றரை வோல்ட் பக்கம்தான் வரும். எஸ்எஸ்ஆருக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். அவ்வளவு ஓரத்தில் நின்று எதற்கு வேலை செய்ய வேண்டும்?

ஹீட்சிங்க், அதாவது எஸ்எஸ்ஆரின் சூட்டை வெளியே கொட்டுகிற அலுமினியக் கட்டை, அந்த விஷயத்தில் தாராளமாக இரு. விரித்த கை அகலத்துக்கு, துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வை. இடையில் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாக. ஹீட்சிங்குக்கும் இரும்புப் பெட்டிக்கும் எர்த் கொடு. பெட்டியைப் பாய்லருக்கு மேலே மாட்டாதே, ஆவி முழுக்க அதற்குள்தான் போகும். ஓரெட்டுத் தள்ளி, நெஞ்சு உயரத்தில்.

குமிழுக்குக் குறி போட மல்டிமீட்டரை நம்பாதே, துடிக்கிற கரண்டில் அது தாறுமாறாகக் காட்டும். வீட்டு மீட்டரிலேயே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும். 3,200 என்று இருந்தால் 1 கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு 53 மினுக்கு. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணிப் பார்த்து, ஸ்கெட்ச் பேனாவால் குமிழைச் சுற்றிக் குறித்துவிடு. செலவில்லாத வாட் மீட்டர் இது.

இப்போது மறுபடி ஆச்சியிடம். நம் ஊர் வீடுகள் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீளுகிறவை. மீட்டர் முகப்பில், அடுப்படி மூன்றாங்கட்டில். நடுவில் 50 மீட்டர் வயர் ஓடினால், போக வர 100 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 13 ஆம்பியர் போனால் வழியிலேயே 9, 10 வோல்ட் விழுந்துவிடும். ஹீட்டர் அணைந்து எரியும்போதெல்லாம் அதே லைனில் இருக்கும் விளக்குகளும் சேர்ந்து கண் சிமிட்டும். எஸ்எஸ்ஆர் முறையில் இருக்கும் ஒரு குறை இது. மீட்டர் பலகையிலிருந்து பாய்லருக்கென்றே 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்துவிட்டால் சிமிட்டலும் போகும், வயர் சூடும் போகும். 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள், பையன் தொட வேண்டாம். வியாபாரத்துக்குக் கட்டணப் பிரிவு வேறாக இருக்கலாம், மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட பளுவையும் அப்போதே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

16 ஆம்பியர் ப்ளக்கை நம்பாதீர்கள். என் மேஜையில் எப்போதும் அப்படியொரு ப்ளக் கிடக்கும். கரண்ட் போகிற பின் இரண்டில் ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் குழைந்து, வயரின் ரப்பர் தொட்டாலே பொடியாக உதிரும். பின்னின் மறையாணி அரைத் திருகு தளர்ந்ததுதான் காரணம், வேறொன்றுமில்லை. மணிக்கணக்கில் 13 ஆம்பியர் ஓடுகிற வேலைக்கு ப்ளக்கே வேண்டாம். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கிற டபுள் போல் சுவிட்சில் நேராக முடுக்குங்கள். எலிமெண்ட் முனையில் லக் வைத்து அழுத்தி, கண்ணாடி நார் உறை போட்ட வயர். மாதம் ஒருமுறை லைனை அணைத்துவிட்டு ஸ்பேனரால் முடுக்கிப் பாருங்கள்.

இரண்டே விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே ஒட்டிக்கொண்டு கெடும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் எலிமெண்ட் முழு வேகத்தில் ஓடும். அணைந்திருக்கும்போதும் சில மில்லிஆம்பியர் கசியும். ஆகையால் குமிழ் சுவிட்ச் ஆகாது. தண்ணீர் ஊற்றும்போதும் பாத்திரம் கழுவும்போதும் டபுள் போல் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். அடுத்தது, எலிமெண்ட் தண்ணீருக்கு மேலே தலை காட்டவே கூடாது. காட்டினால் சில நிமிஷத்தில் செவந்து வெடித்துவிடும். ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்து, தண்ணீர் இறங்கினால் அது காண்டாக்டரை (எலிமெண்ட் லைனைத் துண்டிக்கிற காந்த சுவிட்ச்) விடுவிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். 555-ஐ நிறுத்துவது போதாது, எஸ்எஸ்ஆர் ஒட்டிக்கொண்டால் யார் நிறுத்துவது? மூடி ஆடுகிறது என்று கல்லைத் தூக்கி மேலே வைத்தீர்களானால் அது பாய்லர் இல்லை, வெடிகுண்டு. ஆவி போகிற வழி எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் அப்பத்தா காலத்துப் பித்தளை வெந்நீர் பாய்லர் ஒன்று இருக்கிறது. நடுவில் கரி போடும் குழாய், சுற்றிலும் தண்ணீர். வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறோம். இதில் ஹீட்டர் பொருத்தி, நீங்கள் சொல்வதுபோல் ரெகுலேட்டர் வைத்தால் விருந்தாளிகளுக்கும் வெந்நீர், பார்ப்பதற்கும் அழகு. எப்படிச் செய்வது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செய்யாதீர்கள். பொருத்த முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அடியில் ஓட்டை போட்டு, மறை வைத்த வளையம் பற்றவைத்து, எலிமெண்டைத் திருகிவிடலாம். கூலி வாங்கிக்கொண்டு செய்து தர ஆளும் இருக்கிறார்கள். ஆனால் ஈயப் பற்றுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. பித்தளையும் எலிமெண்டின் உலோகமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அரிப்பு வேறு. நம் காரைக்குடியில் இருக்கிற மத்திய அரசின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பையும் ஆராய்கிறது என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், குளியலறையில் முழுக்க உலோகமான ஒரு பழம்பாத்திரம், அதற்குள் 230 வோல்ட், ஈரக்கையோடு வெளியூர்க்காரர் ஒருவர். ஆர்சிசிபி இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

உங்களுக்குத் தேவை ரெகுலேட்டரும் அல்ல. குளிக்கிற வெந்நீருக்கு 50, 60 டிகிரி போதும். கொதிக்காத தண்ணீருக்கு தெர்மோஸ்டாட்டே சரியான ஆள். சாதாரண கீசர் வாங்கி மாட்டுங்கள். பாய்லரை வளவில் வைத்து கொட்டாங்கச்சி போட்டு மூட்டுங்கள், விருந்தாளிகள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஆறு மாதம் சும்மா கிடந்த ஹீட்டரை ஆன் செய்ததும் ஆர்சிசிபி விழுகிறது. ‘அதை பைபாஸ் செய்துவிட்டால் ஓடும்’ என்கிறார் வேலைக்கு வந்தவர்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஓடும். ஆள்தான் இருக்க மாட்டார். எலிமெண்ட் குழாய்க்குள் சுருள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். முனையில் அடைப்பு லேசாக விட்டிருந்தால், மழைக்கால ஈரத்தை அந்தத் தூள் இழுத்துக்கொள்ளும், கரண்ட் கசியும். கசிவு இருக்கிறதா என்று அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வைத்து எலிமெண்ட் முனைக்கும் குழாய்க்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால், கழற்றி நாலு நாள் நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி பாருங்கள். பங்குனி, சித்திரை வெயில் போதாதா? ஏறினால் வைத்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால் குழாயில் ஊசித்துளை விழுந்திருக்கிறது, எடைக்குப் போடுங்கள்.

கழற்றுகிறபோது எலிமெண்ட்மேல் வெள்ளைச் செதில் இருந்தால், தண்ணீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊறவையுங்கள், தானாக உதிரும். சுரண்டாதீர்கள், பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், எவர்சில்வரைத் துளைத்துவிடும். போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். செதில் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயே காந்திப்போகும். முற்றத்தில் கிடாரம் வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிற வீடு என்றால் பாய்லருக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கேள்வி: ரெகுலேட்டர் வைத்தால் கரண்ட் பில் குறையுமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கொதிக்க வைக்கிற செலவு குறையாது. வீணாகப் போகிற ஆவிக்கான செலவு குறையும். 3 கிலோவாட்டில் ஓடியதை 1 கிலோவாட்டில் ஓட்டினால் மணிக்கு 2 யூனிட் மிச்சம். தண்ணீரைச் சூடாக்குவதற்கு மட்டும் ஹீட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் மெதுவாகச் சூடாக்கி ஒன்றும் மிச்சமாகாது. நேரம் கூடக்கூட பாத்திரத்தின் பக்கவாட்டில் போகிற சூடுதான் கூடும்.

கேள்வி: இதே எஸ்எஸ்ஆரை வெட் கிரைண்டருக்குப் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா? எங்கள் மில்லில் 9 கிலோவாட் த்ரீ ஃபேஸ் ஹீட்டரும் இருக்கிறது, அதற்கும் சொல்லுங்கள்.
– வாசகர், புதுவயல்

பதில்: கிரைண்டருக்குக் கூடாது. அது இண்டக்‌ஷன் மோட்டார். விட்டு விட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிளம்புகிற கரண்டை இழுத்து வைண்டிங் கருகும். இந்தப் பெட்டி சூடு செய்கிற சாமானுக்கு மட்டும்.

9 கிலோவாட்டில் பெரும்பாலும் மூன்று 3 கிலோவாட் எலிமெண்ட் ஸ்டாராக (மூன்றின் ஒரு முனையும் ஒன்றாகச் சேர்த்து) இருக்கும், ஃபேஸுக்கு 13 ஆம்பியர். மூன்று எஸ்எஸ்ஆர் வைத்து, மூன்றின் உள்முனைகளையும் ஒரே 555 ஓட்டலாம். டெல்டாவில் (ஒவ்வொன்றும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே) இருந்தால் ஒவ்வொரு எலிமெண்டின்மேலும் 400 வோல்ட் நிற்கும், அதற்குத் தகுந்த எஸ்எஸ்ஆர் வேறு. டெர்மினல் மூடியைத் திறந்து, பட்டை இணைப்பு எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், மெயினை அணைத்துவிட்டு.